பன்னிரண்டாவது வரி

16.6.86, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிற கண்ணாடி அறைக்குள்ளேயும் மண். கீபோர்டு துடைக்கப் பழைய பனியன் துணி எடுத்துப்போக வேண்டும். செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்தி ஓட்டியாயிற்று.

கரண்டு ஆபீஸுக்கு நாங்கள் அடித்துக் கொடுத்த பம்ப்செட் பட்டியல் திரும்பி வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். எல்லாம் நான் அடித்த பக்கங்கள். பக்கத்துத் திரையில் பார்வதி அக்கா அடித்ததில் ஒன்றுகூட இல்லை. ராயகிரியிலிருந்து ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். அவர் சர்வே எண் 144. அச்சில் 146.

"என் கெணத்த அடுத்தவன் வயல்ல கொண்டு வச்சிருக்கியே தாயி. கரண்டு அவனுக்குல்லா போவும்."

முதலாளி அண்ணாச்சி அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு தாள். 'என் கவனக்குறைவால் நேர்ந்த பிழைகள்' என்று டைப் அடித்து வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் கையெழுத்து. இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டாமாம்.

திரையில் 144 என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன். எப்போதும் அப்படித்தான். போட மாட்டேன்.

17.6.86, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னது தப்பு. "ஒரு கையெழுத்துதான, போட்டுட்டு சோலியப் பாரு கோமதி." கவனமில்லாதவள் என்று நானே எழுதிக் கொடுத்தால் பிறகு எந்த ஆபீஸில் சேர்ப்பார்கள்? அம்மாவுக்கு அது புரியவில்லை. சாப்பிடாமல் கிளம்பினேன், பத்து மணிக்கே பசித்தது.

மத்தியானம் சிவப்பு வட்டங்களை ஒரு தாளில் எழுதினேன்.

0 அடித்தால் 2
1 – 3
4 – 6
5 – 7
8 – முக்காற்புள்ளி (:)
9 – அரைப்புள்ளி (;)
2, 3, 6, 7 – ஒன்றும் ஆகவில்லை

எல்லாமே பக்கத்தின் பன்னிரண்டாவது வரி. எல்லாமே சர்வே எண்ணின் கடைசி இலக்கம். கவனக்குறைவுக்கு இத்தனை ஒழுங்கு எங்கிருந்து வரும்? எட்டு இருப்பது மேல் வரிசையில், முக்காற்புள்ளி கீழே வலது ஓரம். விரல் அங்கிருந்து இங்கே தாவ எனக்கென்ன பேயா பிடித்திருக்கிறது.

18.6.86, புதன்

மெஷினோடு வந்த புத்தகம் பீரோ மேல் கிடந்தது. ஒட்டடை தட்டி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு எழுத்தும் உள்ளே சில சுவிட்சுகள், சிலது போட்டிருக்கும், சிலது அணைந்திருக்கும். 0-க்கும் 2-க்கும் ஒரே ஒரு சுவிட்ச்தான் வித்தியாசம். 4-க்கும் 6-க்கும் அதே சுவிட்ச். 8-க்கும் முக்காற்புள்ளிக்கும் அதே. ஒரு சுவிட்ச் அணைய மறுக்கிறது, அவ்வளவுதான். 2, 3, 6, 7-இல் அது போட்டுத்தான் இருக்க வேண்டும், அதனால் அவை தப்பித்தன.

கோளாறு நினைவுச் சில்லில், மெமரி சிப்பில்; பன்னிரண்டாவது வரியின் அந்த இலக்கம் எப்போதும் அதே சுவிட்சில்தான் போய் விழுகிறது. என் விரலில் இல்லை. திரை காட்டியது நான் அடித்ததை, அச்சானது சில்லில் இருந்ததை. மெஷின் ரூமிலேயே சிரித்துவிட்டேன், அக்கா திரும்பிப் பார்த்தாள்.

சரி, எனக்கு மட்டும் ஏன்? அதற்கும் புத்தகத்தில் விடை. பெட்டி ஒன்று, திரை நாலு. உள்ளே நினைவை நாலு அறையாகத் தடுத்து, திரைகளைத் திறக்கிற வரிசைப்படி ஆளுக்கு ஓர் அறை தருகிறது. ஒவ்வொரு திரையும் தனக்கென்று தனி கம்ப்யூட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். எங்கள் ஆபீஸில் அண்ணாச்சி சாம்பிராணி காட்டி முதலில் தன் திரையைத் திறப்பார். அடுத்து சீனியர் பார்வதி அக்கா. அப்புறம் நான். ஒரு நாளும் மாறியதில்லை. நாலாவது திரைக்கு ஆளே இல்லை. கெட்ட அறை தினமும் என் தலையில்.

இன்னொன்று. போன மாதம் மெஷின் 'நினைவில் கோளாறு' என்று காட்டிவிட்டு அடிக்கடி நின்றது. அண்ணாச்சி சத்தம் போட்டார். மதுரை இஞ்சினியர் வந்து உள்ளே ஒரு குட்டி சுவிட்சைத் தள்ளினார், அதன் பிறகு நிற்கவில்லை. கோளாறைக் கண்டால் நிறுத்துகிற காவல்தான் அந்த சுவிட்ச். காவலைத் தூங்க வைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

19.6.86, வியாழன்

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மெஷினு தப்பு செய்யுமாம்மா? அப்ப எனக்கும் பார்வதிக்கும் ஏன் செய்யல?"

"ஒரு நாள் நீங்க மூணாவதாத் திறந்து பாருங்க அண்ணாச்சி."

"நான் மூணாவதா? நல்லாருக்கு ஞாயம்."

அக்காவைப் பிடித்தேன். "என்னைய ஏம்ட்டி இழுக்க. எனக்கு வேல வேணும்." நாளைக்கு இது உங்க தலையில விழுந்தா நீங்களும் கையெழுத்துப் போடுவியளா என்று கேட்டேன். சாயங்காலம் செருப்பு மாட்டும்போது தரையைப் பார்த்துச் சொன்னாள், "வெள்ளிக்கிழம அவுரு கோயிலுக்குப் போய்ட்டு லேட்டாத்தான் வருவாரு."

20.6.86, வெள்ளி

சாம்பிராணி இல்லை. முதலில் நான் திறந்தேன், அடுத்து அக்கா. அண்ணாச்சி வந்து பார்த்ததும் முகம் சுருங்கியது.

"வேல கெடக்குல்லா அண்ணாச்சி, அதான்," என்றாள் அக்கா.

இளையரசனேந்தல் அவர் சொந்த ஊர். அந்தப் பட்டியலை யாரையும் தொட விட மாட்டார், அவரேதான் அடிப்பார். அடித்தார். அச்சு எடுத்தார். பன்னிரண்டாவது வரியில் அவர் மச்சினன். 218-க்குப் பதில் 21-உம் ஒரு முக்காற்புள்ளியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடி முக்காற்புள்ளி. என் பக்கங்கள் சுத்தம்.

"கரண்டு ஏத்த எறக்கமா இருக்கும்."

மூன்றாம் தடவையும் அதே. அப்புறம் மெதுவாக, "இதுக்கு என்னம்மா வழி?"

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து. அவர், அக்கா, மூன்றாவதாக யாரும் உட்காராத அந்தத் திரை. பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அது கெட்ட அறையைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கட்டும். நாலாவதாக நான். சாயங்காலம் வரை ஒரு பிழை இல்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார். "மெஷின் தப்புன்னு சொன்னா இனி நம்மள நம்பி எவன் வேல தருவான்? நீ பேருக்கு ஒரு கையெழுத்துப் போட்டுரு. உன்னைய வேலைய விட்டு அனுப்ப மாட்டேன்."

உண்மை தெரிந்த பிறகும். திங்கட்கிழமை தாளை நீட்டியதைவிட இதுதான் அதிகம் எரிந்தது. போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

21.6.86, சனி

லேசாகச் சாரல். மதுரை இஞ்சினியர் வந்தார், அண்ணாச்சியே போன் போட்டிருக்கிறார். பழைய சில்லைப் பிடுங்கிப் புதுசு வைத்தார். காவல் சுவிட்சைப் போடச் சொன்னேன்.

"போட்டா அப்பப்ப நிக்கும்மா."

"நிக்கட்டும் சார். பொய் சொல்லுததுக்கு நிக்கது தேவல."

போட்டார். பழைய சில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சியின் தாளில் 'என் கவனக்குறைவால்' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'மெஷினின் நினைவுச் சில் பழுதானதால்' என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து. கேட்காமலேயே அக்கா வந்து அதற்குக் கீழே போட்டாள். பழைய சில்லைத் தாளின் ஓரத்தில் குத்தினேன், அதன் கால்களே குண்டூசியாக நின்றன. அவர் மேஜையில் வைத்தேன்.

படித்தார். சில்லைத் தொட்டுப் பார்த்தார். "இதுல ஏன் அடியில இவ்ளோ எடம் விட்டிருக்க?"

"மூணாவது கையெழுத்துக்கு அண்ணாச்சி."

அக்கா தட்டச்சை நிறுத்திவிட்டாள். அண்ணாச்சி தாளை இன்னொரு தடவை படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மூன்றாவதாகப் போட்டார்.

திங்கள் காலை முதல் வேலை: ராயகிரிப் பெரியவரின் 144.