பசு மட்டும் குடிவந்த வீடு

ஐப்பசி, வியாழன் இரவு.

காட்டூர்ப் பக்கம் கட்டிய புது வீட்டுக்கு இன்று கிரகப்பிரவேசம். சுற்றிலும் வீடாக எழும்புகிறது. தெரு மட்டும் முழங்கால் சேறு. "வீடு வந்தா ரோடு தானா வந்துடுங்க" என்று சொல்லித்தான் மனையை என் தலையில் கட்டினார் அந்த மனுஷர்.

பால்காரர் கோவிந்தன் பசுவையும் கன்றையும் எப்படியோ இழுத்து வந்து உள்ளே ஏற்றிவிட்டார். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டிலிருந்து பாத்திரம் பண்டம் ஏற்றி வந்த வண்டி, திருப்பத்திலேயே அச்சு வரை புதைந்துவிட்டது. பக்கத்து மனையில் கொத்தனார் கஞ்சி காய்ச்சும் சட்டியை இரவல் வாங்கிப் பால் பொங்கவைத்தோம். மனை விற்றவர் அதையும் குடித்துவிட்டு, "அடுத்த தெருவுல இன்னும் மனை இருக்கு, வேண்டியவங்க இருந்தா சொல்லுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் மறுபடி மழை. பசு சேற்றில் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டது. "மழை விடட்டும், வந்து ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்று கோவிந்தன் நழுவிவிட்டார். சாமான் இல்லாத வீட்டில் என்ன குடித்தனம்? மனைவியும் பிள்ளைகளும் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். பசுவுக்குக் காவல் நான்.

ஆயுசுச் சம்பாத்தியமெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. கூடத்தில் பசு நிம்மதியாக அசைபோடுகிறது. இருந்த ஒரே பாயில் கன்று படுத்துவிட்டது. நான் வாசற்படியில்.