வாட்ச்சுக்கு ஒரு பொட்டலம்

தூத்துக்குடி
ஆகஸ்ட் 11

அன்புள்ள மகன் ஜெனோவுக்கு,

பனிமய மாதா உன் கப்பலுக்கு முன்னால் போவாளாக.

இனி நம் வீட்டில் காப்பியும் தேநீரும் எவர்சில்வர் டம்ளரில் மட்டுமே வழங்கப்படும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உன் அப்பா வீட்டிலுள்ள அனைவரையும், அதாவது என்னை, கூட்டி வைத்து இந்த முடிவை அறிவித்தார். கண்ணாடி டம்ளர் கடல் காற்றுக்கு ஒத்துவராது என்பது காரணம். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அது ஒத்துத்தான் வந்தது. இந்த மாதம் மூன்று டம்ளர்கள் அவர் கையிலிருந்து நழுவி விழுந்த விஷயம் அறிவிப்பில் இடம்பெறவில்லை.

நீ கொடுத்துவிட்ட சீன மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் பிடித்து இழுக்க, உன் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு மாதாவையும் என்னையும் மாறி மாறிக் கூப்பிடுகிற வழக்கம் ஒரே வாரத்தில் நின்றுபோனது. அன்றிலிருந்து அவர் வைத்தியராகிவிட்டார். சாயந்திரம் கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்காருகிறார். ஐஸ் கம்பெனி டிரைவர் சுடலைக்கண்ணன் விக்கலோடு வந்தான். பொட்டலம் கொடுத்தார், நின்றது. அடுத்த வீட்டு பிலோமினாவுக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது, அதுவும் நின்றது. அவள் வீட்டுக்காரரின் காது இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அளவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எஞ்சின் ரூம் சூட்டில் கால் பிடிக்கும், அதனால் வாட்ச் முறைக்கு இறங்கும் முன் ஆளுக்கொரு பொட்டலம் வெந்நீரில் கலக்கிக் குடிப்போம் என்று நீ போனில் சொன்னாய். உனக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேர வாட்ச் இரண்டு. உன் அப்பாவோ மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணி ஆட்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள். தண்டலுக்கு எல்லார் முறையும் தன் முறைதான். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக் குடிக்கிறார். இது வேண்டாமே என்றேன். “ஏளா, தண்டல் தூங்கிட்டாம்னா தோணி எங்கன போவும்?” என்று கேட்டார். தோணியை விற்று வருஷங்கள் ஆகின்றன.

பாதம் இரண்டும் வீங்கியிருக்கிறது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் நடக்கவில்லை. கூட்டம் அதிகம் என்றார். கோயிலில் முழந்தாளிட்டால், எழுந்திருக்க முன்னாலுள்ள பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருக்கிறார். ரோச் அண்ணாச்சிக்கு இப்போது பக்தி கூடியிருக்கிறது என்று பங்குச் சாமியார் உன் அப்பாவை என்னிடம் மெச்சினார்.

டாக்டர் தேவபிரசாதத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது என்று, நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார் உன் அப்பா. தெருவில் இறங்கியதும் என்னிடம், “பய ஆசையா கொடுத்துவிட்டிருக்கான். அத அவரு நொட்டை சொல்லுவாரு. நீ வாயத் தொறக்கப்பிடாது” என்றார்.

மனசு கேட்காமல், நாட்டு மருந்துக் கடை ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். “அதிமதுரம்லா இது! பச்சப்புள்ளைக்கே இழைச்சுக் கொடுக்கோம், இது என்ன செய்யப் போவுது?” என்று அனுப்பிவைத்தார். நிம்மதியோடு திரும்பினேன். வாசலில் உன் அப்பா செருப்பை மாட்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

இதையெல்லாம் போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார். என் போனுக்கு வருவதையும் கண்ணாடி மாட்டி அவரே வாசிக்கிறார். அதனால் தாளில் எழுதி, பிலோமினா போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். அந்த மருந்து கொடுத்த சீனத்து செகண்ட் எஞ்சினியரிடம் கேள்: இதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் குடிக்கலாம், பிரஷர் மாத்திரையோடு ஆகுமா? பதிலை பிலோமினாவுக்கு அனுப்பு. பிறகு நீயே அவரிடம் நிறுத்தச் சொல். நான் சொன்னால் அது தொணதொணப்பு. நீ சொன்னால் கேட்பார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
எமில்டா


தூத்துக்குடி
ஆகஸ்ட் 19

அன்புள்ள ஜெனோ,

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

நீ அனுப்பிய விவரம் அன்றே கிடைத்தது. மருந்தின் பெயர் ஷாவ்யாவ் கான்சாவ் தாங். இரண்டே சரக்கு: பியோனி என்கிற பூச்செடியின் வேர், அதிமதுரம். தசைப்பிடிப்புக்கும் விக்கலுக்கும் வயிற்று இழுப்புக்கும் சில நாள் மட்டும் குடிப்பது. பிரஷர்காரர்கள், அதிலும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தொடக் கூடாது. தெளிவாக எழுதியிருந்தாய். அவரிடம் பேசியபோதோ, “கொஞ்சம் கொறச்சுக்கிடுங்கப்பா” என்றாய். “ஏலே, நீ கப்பலப் பாரு” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

போனை வைத்ததும் உட்கார்ந்து யோசித்தார். பொட்டலம் வாங்கப் பையன் அலைகிறான், அதைச் சொல்லக் கூச்சப்படுகிறான் என்று கண்டுபிடித்தார். உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா? சீன மருந்து அதிமதுரம்தான் என்று மருந்துக் கடை அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அங்கேயே போய் அதிமதுரம் வாங்கி வந்து, உன் பொட்டலத்தைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்கு அதிமதுரக் கஷாயம் போட்டு, வாட்ச் தவறாமல் குடித்திருக்கிறார். என்னிடம் சுக்குக் கஷாயம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. காலைத் தூக்குங்கள் என்றால், வேலைக்கு வராத ஆளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பிலோமினாவும் அவள் வீட்டுக்காரரும் நானுமாக ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு ரொம்பவும் இறங்கிவிட்டதாம். நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லை. அங்கே டாக்டர் மறுபடியும் கேட்டார், வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. கையைத் தூக்க முடியாத மனிதர் தலையை மட்டும் அசைத்து இல்லை என்றார்.

நான் கைப்பையைத் திறந்து பொட்டலத்தையும், அடுக்களையில் கிடைத்த அதிமதுரத் துண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அதிமதுரமும் நீர் மாத்திரையும் சேர்ந்துதான் உப்பை இறக்கியிருக்கிறது என்ற டாக்டர், இதை யார் கொடுத்தது என்று கேட்டார். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். “நானே கடையில வாங்குனேன்” என்றார். உறை நிறைய சீன எழுத்துள்ள பொட்டலத்தை நோயாளி உள்ளூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதாக இப்போது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கும் ரத்தம் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் சௌக்கியம். அவர்கள் ஒரு பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு பேசவில்லை. எதிர்க் கட்டில்காரரோடு மீன் விலை பேசுகிறார். கஞ்சி வேண்டுமென்றால் நர்சிடம் சொல்கிறார். கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிற என்னிடம் நர்ஸ் வந்து சொல்கிறாள்.

நீ அழுதாய் என்று பிலோமினா சொன்னாள். அழாதே. கால் பிடிப்பு நின்றது உண்மை, மருந்தில் குற்றமில்லை. கொடுத்துவிட்டவன் மேலும் குற்றமில்லை. இது நான் சொல்வதல்ல, கேஸ் ஷீட் சொல்வது. லீவு கேள் என்று நான் எழுதவில்லை. உன் கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று மட்டும் தெரிவி.

எனக்காக ஒன்று செய். போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அடுத்த முறை கூப்பிடும்போது, “அம்மாட்ட கொடுங்கப்பா” என்று சொல். கொடுக்க வேண்டுமானால் அவர் என்னைக் கூப்பிட்டாக வேண்டும்.

எஞ்சின் ரூமில் தண்ணீர் நிறையக் குடி. மாதா உன்னை முழுசாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
எமில்டா

பி.கு.: இன்று காலை மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகும் அதிமதுரத்தின் வேகம் பல நாள் நிற்குமாம். உப்பு இன்னும் ஏறவில்லை.