ஆகிலா துள்ளுகிற படம்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு.

அன்பு மகன் அர்ஹமுக்கு,

உன் தங்கச்சி ஆகிலா துள்ளுகிற படத்தை உன் றூமில் எல்லோருக்கும் காட்டியது நீதான். அஸ்ஸலாமு அலைக்கும். குற்றத்தை முதலில் எழுதிவிட்டு ஸலாம் சொல்வது முறையில்லை என்று தெரியும், ஆனால் சுகம் விசாரித்து முடிப்பதற்குள் என் கோபம் ஆறிவிடும், பிறகு எழுத வந்ததை எழுதமாட்டேன். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் ஆகிலாவும் உடம்புக்குச் சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் கத்தார் வெயிலில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் டியூட்டிக்கு நேரமாச்சு உம்மா என்கிறாய், வொய்ஸ் அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறதாக நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. கல்முனையில் போன் கடை வைத்திருந்த நம்முடைய இன்ஷாபுக்கு விசா வந்து அவனும் உன் பக்கம்தான் வருகிறான், இதையும் கொஞ்சம் நெத்தலிக் கருவாட்டையும் அவன் கையில் தருகிறேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்ப எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக விளங்கும். ஆகிலாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் படர்ந்தது, அழுக்கு என்று நான் தேய் தேய் என்று தேய்த்தேன், போகவில்லை. கிளினிக்கில் டொக்டர் பார்த்துவிட்டு இது அழுக்கில்லை, சீனி வருத்தம் வரப்போகிற அடையாளம், இந்த வயசில் வந்தால் ஆயுசுக்கும் மருந்து, பிள்ளையை வியர்க்க வியர்க்க ஓடவிடுங்க என்று சொன்னா. எங்கே என்று சொல்லவில்லை. அவ கொழும்பு ஆள், அவவுக்கு எப்படித் தெரியும். மைதானத்தில் பொடியன்மார் கிரிக்கெட், அவங்களுக்கு இரவில் விளையாட லைட்டும் போட்டுக் கொடுத்திருக்கு. கடற்கரையில் புட்போல். பள்ளிக்கூடத்தில் நெட்போல் கோர்ட் என்று ஒன்று இருக்கு, அதில் டீச்சர்மாரின் ஸ்கூட்டிகள் நிற்குது, விளையாட்டுப் பாடத்துக்குக் கணக்குப் படிப்பிக்கிறாங்க. நானும் அவளுமாகச் சுபஹ் தொழுகைக்குப் பிறகு ரோட்டில் நடந்து பார்த்தோம், ஆர்வத்தில் அவள் கொஞ்சம் ஓடினாள், மோட்டர் சைக்கிளில் போன இரண்டு பேர் லொறி வருது ஒதுங்குங்கடா என்று கத்திவிட்டுப் போனாங்க. அதோடு அவள் நடக்கவும் வரமாட்டேன் என்றுவிட்டாள். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பெண்பிள்ளை ஓட ஒரு முழம் நிலம் இல்லை மகன், பிறகு அவள் தின்கிற சோற்றைக் குறை சொல்றாங்க.

அப்பதான் நீ அந்த விளையாட்டுப் பெட்டியை அனுப்பினாய். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, போனைப் பார்த்துப் பார்த்துப் பெருத்த பிள்ளைக்கு இன்னொரு பெட்டியா என்று. இன்ஷாப் வந்து டீவியோடு பூட்டி, கெமராவை டீவிக்கு மேல் வைத்து, மாமி இதில் கையால் விளையாட ஏலாது, உடம்பால்தான் விளையாட வேணும் என்றான். எனக்கு விளங்கவில்லை. ஆகிலா முன்னால் போய் நின்றாள், டீவிக்குள் ஒரு பிள்ளை வந்து ஓடத்தில் ஏறி நின்றது, இவள் துள்ளினால் அது துள்ளுது, இவள் குனிந்தால் அது குனியுது, மரக்கட்டை வருது, பாறை வருது, சும்மா நின்றால் தண்ணீருக்குள் விழுந்துவிடும். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்து ஒட்டிவிட்டது. டொக்டர் சொன்ன வியர்வை அதுதான். பிறகு பக்கத்து வீட்டு பாத்தும்மா மாமி சுவர் அதிருது, என்ன புள்ள நெல்லுக் குத்துறியா என்று கேட்டு வந்தா, வந்தவ தன் பேத்தியையும் விட்டுவிட்டுப் போனா, அடுத்த நாள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் உள்ள வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாம் நம் ஹோலில். கதவைச் சாத்தி, சோபாவைச் சுவரோடு ஒதுக்கி, பாயைச் சுருட்டிவிட்டுத் துள்ளினாங்க. முறைக்கு நின்று சண்டை பிடித்தாங்க, சிரித்தாங்க, உம்மா தண்ணி உம்மா தண்ணி என்று கத்தினாங்க. வீடு முழுக்க வேர்வை நாற்றம். எனக்கு அது பிடித்திருந்தது. ஆகிலாவின் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, சுருக்கிப் பிடித்து ஊசி குத்திவிட்டேன். கிளினிக்கில் தாதி நிறுத்துப் பார்த்துவிட்டு என்ன செய்தீங்க என்று கேட்டா, டீவி பார்த்தாள் என்று சொன்னேன், அவ என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேணும்.

துள்ளி உச்சிக்குப் போகிற நேரம் அந்தப் பெட்டி தானாகவே ஒரு படம் எடுத்து, விளையாட்டு முடிந்ததும் டீவியில் காட்டும். பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து விழுவாங்க. நான் குசினிக்குள் சமைத்தபடி சத்தத்தை மட்டும் கேட்டேன், அந்தப் படம் டீவியோடு அழிந்துபோகும் என்றுதான் நினைத்தேன். பெட்டியின் கணக்கை உன் பெயரில் திறந்ததால் அதெல்லாம் உன் போனுக்கும் வந்து சேரும் என்று எனக்கு யார் சொன்னது. நீயும் சொல்லவில்லை. நீ அதில் ஒன்றைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற முனாபுக்குக் காட்டியிருக்கிறாய். முனாப் தன் உம்மா பாத்தும்மாவுக்கு வொய்ஸ் போட்டிருக்கிறான், ஆகிலா ஆகாயத்தில நிக்கிறாள் உம்மா, அர்ஹம் காட்டினான், றூமில எல்லாரும் சிரிச்ச என்று. பாத்தும்மா மாமி நல்ல மனசோடுதான் மீன்காரன் வண்டியடியில் நின்று அதைச் சொன்னா. மீன் வாங்கி முடிகிறதற்குள் துள்ளினது ஆடினது ஆகிவிட்டது, றூமில் காட்டினது நெட்டில் போட்டது ஆகிவிட்டது. நம்முடைய ஹாட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருவர் என்ன ஷரிபுதீன் காக்கா, உங்கட மகள் இப்ப பெரிய ஸ்டாராமே என்று வாப்பாவிடம் கேட்டாராம். ஆணியை நிறுத்துக் கொடுத்துவிட்டு வாப்பா கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வாப்பா சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். கடையில் இருந்து வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொண்டு வந்து கெமராவின் கண்ணில் ஒட்டினார். பிள்ளை விளையாடட்டும், நான் வேணாமென்று சொல்லல்ல, அது பார்க்காமல் விளையாடட்டும் என்றார். டீவியை நாம் பார்க்கிறதுதானே, அது ஏன் நம்மைப் பார்க்க வேணும் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஆகிலா முன்னால் போய் நின்று கையை ஆட்டினாள், துள்ளினாள், பக்கத்தில் போய் முகத்தைக் காட்டினாள். ஆளைக் காணவில்லை, முன்னால் வந்து நில்லுங்கள் என்று டீவியில் எழுத்து வந்தது. அவள் முன்னால்தான் நின்றாள் மகன். சரி என்று டேப்பைக் கழற்றிவிட்டு, பெருநாளைக்குத் தைத்த அபாயாவைப் போட்டுக்கொண்டு விளையாடச் சொன்னார். பெட்டிக்கு அவளுடைய காலைக் கண்டுபிடிக்க ஏலவில்லை. டீவிக்குள் இருந்த பிள்ளைக்குக் கை வயிற்றில் முளைத்தது, கால் உருகித் தண்ணீரில் போனது. மற்றப் பிள்ளைகள் சிரித்தாங்க, முதலில் ஆகிலாவும் சிரித்தாள், பிறகு பிடிவாதமாகத் துள்ளினாள், அபாயா ஓரத்தை மிதித்து டைல்ஸில் முகம் குப்புற விழுந்து நாடியில் அடிபட்டது. வாப்பாதான் ஓடிப்போய்த் தூக்கினார், தைலம் பூசினார். அவர் கெட்ட மனிசன் இல்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் தன் தங்கச்சி, உன் சொந்த மாமி வீட்டில் கொடுத்துவிட்டார். அங்கே இருக்கிறது பொடியன்மார், ஒரு கதையும் வராதாம். அவங்களுக்கு மைதானம் இருக்கு, கடற்கரை இருக்கு, ரோடு இருக்கு, இப்ப ஆகிலாவின் பெட்டியும் இருக்கு. நான் போய்ப் பார்த்தேன், கெமராவைக் கழற்றி மேசைக்கடியில் எறிந்துவிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு விரலால் கார் ஓட்டுறாங்க.

எது சரி என்று எனக்கே விளங்கவில்லை மகன். யாரோ தெரியாத பொடியன்மார் என் மகளின் படத்தைப் பார்த்துச் சிரித்தாங்க என்று கேட்ட உடனே எனக்கும் பிடிக்கவில்லைதான். நீ பெருமையில் காட்டியிருப்பாய், தங்கச்சி மெலிந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் காட்டியிருப்பாய், ஆனால் ஏன் காட்டினாய். அதே நேரம், காட்டினால்தான் என்ன என்றும் இருக்கு. பெரியபிள்ளையாகக்கூட ஆகாத ஒரு பிள்ளை துள்ளினாள், அவ்வளவுதான். ஒரு பொடியன் பந்தைப் பாய்ந்து பிடித்தால் அந்தப் படத்தைச் சந்தியில் பெனராகத் தொங்கவிடுற ஊர் இது. இன்ஷாபிடம் கேட்டேன், படம் எடுக்காமல் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கு மாமி, சின்ன வேலை என்றான். வாப்பாவிடம் அதைச் சொன்னேன். பொத்தானை அமத்தினது எனக்கும் உனக்கும் தெரியும், ஊருக்கு யார் சொல்றது என்று கேட்டார். பெட்டிக்கு அவளைப் பார்க்க வேணும், பார்த்தால் ஊருக்குப் பிடிக்காது, பார்க்காவிட்டால் அவளுக்குச் சீனி வருத்தம் வரும். நான் யாரோடு சண்டை பிடிக்க.

இப்ப டியூசனுக்குப் போகக்கூட அவளைத் திரீவீலில் அனுப்புறார், பக்கத்து ஒழுங்கைக்கு. ஊசியைக் கழற்றியாச்சு, பாவாடை திரும்ப இறுக்குது. உம்மா நான் என்ன செய்த என்று கேட்கிறாள். ஒன்றும் செய்யல்ல என்றால், அப்ப ஏன் பெட்டிய எடுத்த என்கிறாள். போன கிழமை தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன், மோட்டர் சத்தத்தோடு இன்னொரு சத்தம் கேட்டது. மதில் மறைவில் நின்று தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தாள். மோட்டர் நின்றதும் அவளும் நின்றுவிட்டாள். நான் காணாத மாதிரி உள்ளே வந்து, தொட்டி நிறைந்த பிறகும் மோட்டரைத் திரும்பப் போட்டுவிட்டேன். தண்ணீர் வழிந்து ஒழுங்கைக்குப் போனது, போகட்டும்.

அடுத்த மாதம் கிளினிக் இருக்கு. அதற்கு முன் பெட்டி இந்த வீட்டுக்குத் திரும்ப வர வேணும், அதை வாப்பாவிடம் கேட்க வேண்டியது நான் இல்லை, நீ. காட்டினது நான்தான், அவள் மேல் பிழை இல்லை என்று உன் வாயால் சொல். சொல்வதற்கு முன் அந்தப் படத்தை அவருடைய போனுக்கு அனுப்பு. ஊர் முழுக்கக் கதைத்த படத்தை அவர் இதுவரை பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகுவாரா, இன்னும் இறுகுவாரா, எனக்குத் தெரியாது. ஆனால் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது போதும். இதை வொய்ஸில் உன்னிடம் கேட்டேன், நீ கேட்ட அடையாளமாக இரண்டு கோடும் நீலமாகிவிட்டது, பதில் வரவில்லை.

வெயிலில் நிற்கிற நேரம் தண்ணி குடி, சோடா குடிக்காதே, நீயும் வாப்பாவின் வயிறு எடுத்துக்கொண்டு வருகிறாய், வீடியோவில் தெரியுது. சுபஹ் தொழுகையை விடாதே. முனாபோடு சண்டை பிடிக்காதே, அவன் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டைப் பொரிக்கிற நேரம் யன்னலைத் திறந்து வை, பக்கத்து றூம்காரர் போன முறை மாதிரிக் கத்தப்போறாங்க. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், உன் உழைப்பில் பரக்கத் செய்யட்டும், ஆமீன்.

உன் உம்மா,
ஹபீபா ஷரிபுதீன்

படத்தை அனுப்பு, மகன்.