அத்தையாக இறங்க மாட்டேன்

வடமதுரை,
3.6.2023

அண்ணன் ஆண்டிச்சாமிக்கு, தங்கை பொன்னழகு எழுதுவது.

என் மகளை நீ எடுத்துக்கொண்டாய். இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நாற்பத்தெட்டு வருஷமாக முதலில் நலம் கேட்டு, மழை கேட்டு, கடைசி வரியில் ‘பிள்ளை சுகமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரிசை தப்பு.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி சோலையம்மாள் போய் ஒரு வருஷம் ஆகிறதே, திதி கொடுத்தாயா? இங்கே சுகம். பிரபு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறான். மருமகள் சுகன்யா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருக்கிறாள்.

அவள்தான் போன வாரம் ஒரு வண்ணத் தாளைக் கொண்டுவந்து விரித்தாள். சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விடுகிறார்களாம். உள்ளே நீச்சல் குளம், சினிமா, ஆட்டம் பாட்டம். ஆபீஸ்காரர்களுக்குச் சலுகையில் ஒரு அறை, இரண்டு பேர் போகலாம். “நீங்க பொறந்த ஊருதான அத்தை, வாரீகளா?” என்று கேட்டாள். ராமேஸ்வரம் கப்பல் நின்ற நாளிலிருந்து எனக்கு அந்த நாடு மூடின கதவு. மூடினது மூடினபடியே நான் செத்துப்போவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்கள் எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது பிள்ளைக்கு ஒன்றரை வயசு. அவளுக்கு அப்போது பேர் கிடையாது. எரியோட்டுக் குலசாமிக்கு முடி இறக்கிவிட்டுத்தான் பேர் வைக்க வேண்டும், பேர் வைத்த பிறகுதான் பதிய வேண்டும் என்று, போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் அப்போது பிடிவாதம் பிடித்தார். சாமி கடலுக்கு இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். பாஸ்போர்ட் வந்தபோது அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். “நீங்க போங்க தங்கச்சி, பேரைப் பதிஞ்சு பேப்பர் வாங்கி ஆறு மாசத்துல கப்பலேத்தி விடுறேன்” என்றாய். பதிந்தாய். தகப்பன் ஆண்டிச்சாமி, தாய் சோலையம்மாள் என்று பதிந்தாய். தவமணி என்ற பேரையும் நீயே வைத்தாய்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை ஏழு மணிக்குக் கப்பல் திருகோணமலையில் நிற்கும். மாலை நாலுக்குக் கிளம்பிவிடும். தவமணியைக் கூட்டிக்கொண்டு வா. கூட்டி வருவதற்கு முன்னால் அவளைப் பெற்றது யார் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு
பொன்னழகு


பசுங்குன்றுத் தோட்டம், மேல் டிவிசன்,
ஹட்டன்.
28.6.2023

அன்புத் தங்கச்சி பொன்னழகுக்கு அண்ணன் எழுதும் கடிதம். உனக்கும் பிரபு, சுகன்யாவுக்கும் என் ஆசி.

இத்தனை வருஷமாக ‘நீங்கள்’ என்று எழுதியவள் இந்த முறை ‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். சின்ன வயசில் சண்டை என்றால்தான் அப்படிக் கூப்பிடுவாய். சரி, கூப்பிடு.

திதி கொடுத்தேன். தவமணிதான் எல்லாம் செய்தாள். பள்ளிக்கூடத்தில் இப்போது அதிபர் ஆகிவிட்டாள். மகள் சத்யபிரியா மாசமாக இருக்கிறாள், கார்த்திகையில் பிரசவம். ஐம்பது வயசில் தவமணி பாட்டி ஆகப் போகிறாள். இந்த நேரத்தில் போய் அவளிடம் என்னவென்று ஆரம்பிப்பது?

திருகோணமலை இங்கிருந்து வேனில் எட்டு மணி நேரம். என் முழங்காலுக்கு ஆகாது. அந்தக் கப்பல்காரர்கள் வெளியே விடுவார்களோ என்னவோ, வரிசையாகக் கூட்டிப்போய்க் கோயிலைக் காட்டிவிட்டு ஏற்றிவிடுவார்கள் என்கிறார்கள். நாட்டில் விலைவாசியும் இன்னும் இறங்கவில்லை. அடுத்த வருஷம் கொஞ்சம் சீராகட்டும். அப்போது வா.

இன்னொன்றும் இருக்கிறது. சோலையம்மாள் போவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் புள்ளைகிட்ட சொல்லிராதீங்க, நான் தாயாவே போயிர்றேன்” என்றாள். போனவளிடம் தலையாட்டிவிட்டேன். இருக்கிற நீ பொறுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

உன் அண்ணன்
ஆண்டிச்சாமி


வடமதுரை,
16.7.2023

அண்ணனுக்கு,

இருக்கிறவள் பொறுத்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதவே இரண்டு நாள் ஆகிவிட்டது.

உன் கடிதங்களை எல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். எழுபத்தொன்பதில் பேப்பர் சரியில்லை, பொறு. எண்பத்து மூன்றில் கலவரம், வராதே. அப்புறம் கப்பல் இல்லை, வராதே. சண்டை, வராதே. சமாதானம் வந்ததும் வாரேன் என்று எழுதினேன், சுனாமி, வராதே என்றாய். சண்டை முடிந்தது, பொறு என்றாய். ஈஸ்டர் அன்று மாதா கோயிலில் குண்டு, கொரோனா, பெட்ரோல் இல்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். நாடு மூடித்தான் கிடந்தது. ஆனால் அது திறந்தபோதெல்லாம் நீ மூடிக்கொண்டாய்.

பிளேனில் போகலாமே என்று சுகன்யா முன்பே சொன்னாள். போய் எங்கே இறங்குவது? ‘வா’ என்று ஒரு சொல் எழுதாதவன் வீட்டு வாசலில் பெட்டியோடு போய் நிற்க எனக்கு முகம் கிடையாது. கப்பல் என்றால் உன் தயவு வேண்டாம். அங்கேயே சோறு, அங்கேயே படுக்கை. நீ துறைமுகத்துக்கு வந்தால் போதும்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், “ஏம்மா, பொறந்தது சிலோன், பாஸ்போர்ட் இந்தியாவா, எந்த ஊருக்காரம்மா நீங்க?” என்று கேட்டார். “ரெண்டு ஊர்லயும் கேட்டுப் பாருங்கய்யா, ஒருத்தனும் என் ஊருன்னு சொல்ல மாட்டான்” என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு எழுத்து எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை. வந்த புதிதில் உன் கடிதத்தை நான் வேலைக்குப் போன மில்லின் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பதிலும் எழுத வைப்பேன். ஒருநாள் அவர், “உங்க அண்ணன் மகளைப் பத்தி இம்புட்டு விசாரிக்கிறீகளே” என்றார். விஷயம் வெளியே போனால் உனக்குத்தான் கெடுதல் என்று பயந்தேன். பஸ் போர்டையும் மில் நோட்டீசையும் பார்த்துப் பார்த்து நானே படித்துக்கொண்டேன். உன் களவை மறைக்கக் கற்ற எழுத்தில்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

பிரபு கல்யாணத்துக்குத் தவமணி எனக்கு ஒரு கடிதம் போட்டாள், ஞாபகம் இருக்கிறதா? ‘அத்தை, முறைப்பொண்ணு நான் இங்க இருக்க, உங்க மகன் யாரையோ கட்டுறாரே, நியாயமா’ என்று கேலி எழுதியிருந்தாள். கூடப்பிறந்த தம்பியிடம் முறை பேசுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிரபு அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நான் வாங்கி அடுப்பில் போட்டேன். அவள் கையெழுத்தை நான் எரித்தது அந்த ஒரு முறைதான்.

சுகன்யா என்னை அத்தை என்கிறாள். அது அவளுக்கு உரிய சொல். தவமணி வாயிலிருந்து அந்தச் சொல்லை நேரில் கேட்க என்னால் முடியாது. அவளுக்குத் தெரியவில்லை என்றால் நான் இறங்க மாட்டேன். சன்னல் வழியாகத் திருகோணமலையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன்.

சோலையம்மாள் தாயாகவே போய்விட்டாள். நான் எதுவாகப் போவது, அண்ணே? எழுபது வயசாகிவிட்டது. சர்க்கரை காலை அரிக்கிறது. டாக்டர் போன மாதம் ஒரு விரலை எடுத்தார். அடுத்த கப்பலுக்கு இருப்பேனா என்று தெரியவில்லை. கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. இருந்தும் கேட்கிறேன், சொல்லிவிடு.

பொன்னழகு


பசுங்குன்றுத் தோட்டம்,
14.8.2023

தங்கச்சிக்கு,

விரல் எடுத்ததை ஏன் முன்பே எழுதவில்லை? கால் பத்திரம். செருப்பில்லாமல் நடக்காதே.

நான்கு முறை தவமணி வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்ப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “என்னப்பா, மூஞ்சி வாடியிருக்கு, சாப்டீங்களா?” என்பாள். அந்த ‘அப்பா’வைக் கேட்டதும் எல்லாம் போய்விடும். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு உபாயம் தோன்றுகிறது. கோணேஸ்வரம் கோயிலுக்குப் போகலாம், அத்தையும் கப்பலில் வருகிறாள் என்று சொல்லிக் கூட்டி வருகிறேன். நீ கண்ணாரப் பார்த்துக்கொள். மற்றதை அங்கே பார்ப்போம்.

இதை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ கடிதங்களை வரிசையாக வைத்தாய் என்று படித்ததிலிருந்து நிம்மதி இல்லை. அந்த வரிசையில் ஒரு கடிதம் பொய். நீ அதைக் கண்டுபிடிக்கவில்லை.

எழுபத்தொன்பதில் பிள்ளையை அனுப்புகிறேன், ராமேஸ்வரத்துக்கு வா என்று தந்தி அடித்தேன். பிறகு, தலைமன்னாரில் பேப்பர் சரியில்லை என்று ஆபீசர் திருப்பிவிட்டார் என்று எழுதினேன். ஆபீசர் திருப்பவில்லை. பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. தோட்டத்திலிருந்து இந்தியா போகிற ஒரு குடும்பத்திடம் அவளை ஒப்படைக்க ஏற்பாடு. அவளுக்கு ஐந்து வயசு. புதுச் சட்டை போட்டிருந்தாள். கப்பலைப் பார்த்ததும் சிரித்தாள். பயந்து அழுதிருந்தால்கூட ஏற்றிவிட்டிருப்பேன். ஏறும்போது திரும்பி, “அப்பா, நீயும் அம்மாவும் எப்ப வாரீங்க?” என்று கேட்டாள். நான் கையை விடவில்லை. கப்பல் போய்விட்டது. ரயில் கோச்சியில் நானும் அவளும் திரும்பிவிட்டோம். நீ கரையில் நின்றிருப்பாய் என்று தெரியும். தெரிந்துதான் திரும்பினேன்.

இதைச் சோலையம்மாளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவளும் ஆபீசர் கதையைத்தான் நம்பினாள்.

உன் அண்ணன்
ஆண்டிச்சாமி


வடமதுரை,
30.8.2023

ஆண்டிச்சாமிக்கு,

ராமேஸ்வரம் கரையில் ஒரு வாரம் நின்றேன். இடுப்பில் பிரபு, ஆறு மாதக் குழந்தை. அந்த வாரம் வந்த மூன்று கப்பலிலும் இறங்கிய பிள்ளைகளை எல்லாம் பார்த்தேன். தனியாக வரும் பிள்ளை பயந்து எங்காவது ஒதுங்கியிருக்கும் என்று மூட்டைகளுக்கு நடுவில்கூடத் தேடினேன். கஸ்டம்ஸ் ஆபீசில் ஒருவர், “யாரம்மா தேடுற?” என்று கேட்டபோது, அண்ணன் மகள் என்றுதான் சொன்னேன். அங்கேயும் உன்னைக் காப்பாற்றினேன்.

உன்னை மன்னிக்கவில்லை. அது இந்தக் கடிதத்தில் வராது. அதற்காகக் காத்திருக்காதே. ஆனால் நீ பொய் என்று ஒத்துக்கொண்டதை எழுத்தில் எழுதியிருக்கிறாய். போனில் சொல்லியிருந்தால் அழுது மழுப்பியிருப்பாய். எழுதியதற்கு மட்டும் உனக்கு மரியாதை.

கோணேஸ்வரம், அத்தை என்கிற உபாயம் எல்லாம் வேண்டாம். பெற்ற பிள்ளையை ஏமாற்றி வரவழைத்துப் பார்க்க எனக்கு வேண்டாம்.

பிரபுவிடம் நேற்றுச் சொன்னேன். வேன் எடுக்கக் கிளம்பியவன் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான். பிறகு, “எனக்கு ஒரு அக்கா இருக்கா. இம்புட்டு வருசமா அவளை எங்கிட்ட இருந்தும் ஒளிச்சு வச்சிட்டியேம்மா” என்றான். அவன் உன்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான். அப்போதுதான் உறைத்தது. வாயை மூடியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. தவமணி அதையும் கேட்பாள். கேட்கட்டும்.

சொல்ல நாக்கு எழவில்லை என்கிறாய். சரி, சொல்ல வேண்டாம். இனிமேல் நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தையும் நான் முன்பு எழுதிய இரண்டையும் நீ தவமணி கையில் கொடுக்க வேண்டும். செப்டம்பர் பதினைந்துக்குள், பகலில், அவள் வீட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தலைமன்னாரைப் பற்றிக் கேட்டால் எனக்கு எழுதிய மாதிரியே அவளுக்குச் சொல்ல வேண்டும், ஒரு சொல் குறையாமல். உன்னை அவள் அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லாதே. அது அவள் இஷ்டம்.

சத்யபிரியாவுக்கு இப்போது ஒன்றும் தெரிய வேண்டாம். பிள்ளை பெற்று எழட்டும். அதைத் தவமணி பார்த்துக்கொள்வாள்.

பிரபு என்னைச் சென்னையில் கொண்டுபோய்க் கப்பலேற்ற வேண்டும். அக்காவுக்கு அவன் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், கேலி இல்லாமல். சுகன்யா என்கூட வருவாள். இருபதாம் தேதி காலையில் அவள் முதலில் இறங்கித் துறைமுக வாசலில் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். வாசலில் யாரும் இல்லை என்றாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும், என் மனசுக்காகக் கதை கட்டக் கூடாது.

அதன் பிறகு நான் இறங்குவேன். இறங்க மாட்டேன் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கப்பல்காரன் கூப்பிடுகிறவரை அந்த மண்ணில் நிற்பேன். அது என் வேலை.

தவமணி எதுவும் செய்ய வேண்டியதில்லை. வர வேண்டியதும் இல்லை.

பொன்னழகு