கொட்டாஞ்சேனைக் காற்றில் சுருதி சேர்த்த எஞ்சின்

இன்று காலை தையல் பெட்டியின் அடியில் ஊசி தேடியபோது அந்த ரப்பர் குழாய் கைக்கு வந்தது. ஒரு முழம்கூட இருக்காது. சிவப்பு நிறம் போய்க் கறுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெற்றோல் மணம் போகவில்லை. மருமகள் எட்டிப் பார்த்து, "என்ன மாமி இது, எறியட்டோ?" என்றாள். "முதலிலை என்னை எறி, பிறகு இதை எறி" என்றேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்! நீங்கள் போன பிறகு எனக்கு வாய் கூடிவிட்டது என்கிறார்கள். நீங்கள் இருந்த காலத்தில் ஏதோ அடங்கிக் கிடந்தவள் மாதிரி.

உங்களைக் கட்டியதற்காக அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். வெள்ளவத்தைச் சைவப் பிள்ளை, கொட்டாஞ்சேனை மாதா கோயில் வேதக்காரரை, அதுவும் துறைமுக வேலைத்தலத்தில் கை கறுக்க வேலை செய்கிற ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்தால் அவர் எப்படிப் பொறுப்பார்? அப்போது அவர் நுவரெலியாவில் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடியாகத் தான்தான் என்ற எண்ணம். நான் அவரை மறந்துவிடத் தயாராக இருந்தேன். நீங்கள்தான் விடவில்லை. உலகச் சண்டை முடிந்த கையோடு, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன பழைய கறுப்புக் காரை வாங்கிவந்து, "முதல் ஓட்டம் உன்ரை அப்பாவிட்டைத்தான்" என்றீர்கள்.

நுவரெலியா போகும் வழியில் கடுகண்ணாவை மலையில் பாதிகூட ஏறவில்லை. கார் முக்கி முனகி நின்றுவிட்டது. நான் இறங்கிச் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அதில் எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். நாங்கள் வெட்கத்தோடு கொழும்புக்குத் திரும்பி இறங்க முன்னரே கதை நுவரெலியாவுக்கு ஏறிவிட்டது.

அடுத்த கிழமை அப்பாவின் கடிதம் வந்தது. இரண்டு மாதத்தில் தங்கச்சிக்குக் கலியாணம். "நீ மட்டும் ரயிலில் வா. அந்தக் காரும் அந்த ஆளும் மலைக்கு உதவாது." இவ்வளவுதான். அதை வாசித்து நான் அழுதேன் என்று நீங்கள் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். பச்சைப் பொய். நான் பல்லைத்தான் கடித்தேன்.

"ரயிலிலை போறியோ?" என்று கேட்டீர்கள்.

"போனால் இரண்டு பேரும் போவம். இந்தக் காரிலைதான் போவம். அவரின்ரை வாசலிலை கொண்டுபோய் நிப்பாட்டவேணும்."

நீங்கள் சிரிக்கவில்லை. போய் எஞ்சின் மூடியைத் திறந்தீர்கள். "எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லை. மூச்சுவிடத்தான் வழியில்லை" என்றீர்கள். நாலு சிலிண்டரும் ஒரேயொரு சின்னக் காபரேட்டரிலிருந்து, வளைந்து நெளிந்த ஒடுங்கிய குழாய் வழியாகத்தான் காற்றையும் பெற்றோலையும் இழுக்கவேண்டியிருந்தது. அதை அப்படியே கழற்றிப்போட்டீர்கள். இராணுவம் கழித்துவிட்ட கார் ஒன்றிலிருந்து ஒரு சோடிக் காபரேட்டர் கொண்டுவந்தீர்கள். இரண்டையும் எஞ்சினோடு சேர்க்க அகலமான புதுக் குழாய் வேண்டுமே? மரத்தில் அச்சுச் செதுக்கி, மாளிகாவத்தையில் அலுமினியம் உருக்கி வார்க்கும் முஸ்லிம் நானாவிடம் போனோம். அவர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, ரெட்டைப் புட்டுக்குழலா?" என்று கேட்டார். ஆனால் பிசகில்லாமல் வார்த்துத் தந்தார். அதன் உட்புறத்தை நீங்கள் நாள்கணக்கில் அரத்தால் ராவினீர்கள். என் விரலை உள்ளே விட்டுத் தடவச் சொல்வீர்கள். "தட்டுதோ?" "தட்டுது." மறுபடியும் ராவுவீர்கள். என் விரல் எங்கும் தட்டாமல் வழுக்கிப் போன பிறகுதான் அதைப் பூட்டினீர்கள்.

பூட்டிய பிறகுதான் உண்மையான தலையிடி. இரண்டு காபரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் எஞ்சின் நொண்டும். அதைக் காதால் கேட்டுத்தான் சரிசெய்யவேண்டும். உங்கள் காதோ வேலைத்தலத்துச் சம்மட்டிச் சத்தத்தில் பாதி மந்தம். மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, நாலாம் நாள் இந்தக் குழாயைக் கொண்டுவந்து என் கையில் தந்தீர்கள்.

"எட்டு வருசம் வயலின் படிச்சனீதானே? இந்தா, பிடி."

ஒரு முனை என் காதில், மறு முனை காபரேட்டரின் வாயில். உள்ளே காற்றுப் போகும் 'ஸ்ஸ்' என்ற சத்தம். முதலாவதில் கொஞ்சம் கனம், இரண்டாவதில் கீச்சு. நான் காபரேட்டரின் திருகாணியைத் திருகத் திருக அவை ஒன்றையொன்று நெருங்கின. தந்தி முறுக்குவது போலத்தான், வேறொன்றுமில்லை. தெருப் பெண்கள் வேலியோரம் நின்று, "டொக்டரம்மா, காருக்குக் காய்ச்சலோ?" என்று நக்கலடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொரு காபரேட்டரின் அடியிலும் ஆறு முகமுள்ள ஒரு நட்டு இருந்தது. அதையும் ஒவ்வொரு முகமாகத் திருப்பிச் சரிசெய்தேன். அன்று பின்னேரம் காலிமுகத்திடலில் அந்தக் கார் பறந்த பறப்பில் என் கொண்டை அவிழ்ந்துபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் விடியப் புறப்பட்டோம். கடுகண்ணாவையில் முன்பு நின்ற அதே வளைவை ஒரே மூச்சில் தாண்டியபோது நான் வெளியே தலையை நீட்டிக் கூவினேன். மானம் மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. ஆனால் றம்பொடை தாண்டி மேலே ஏற ஏறக் கார் இருமத் தொடங்கியது. பின்னால் கரும்புகை. கடைசியில் ஒரு தேயிலைச் சரிவோரம் நின்றேவிட்டது. பிளக்கைக் கழற்றினீர்கள். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "பெற்றோல் கூடிப்போச்சு. கொழும்பிலை சரியாத்தானே இருந்தது?" என்று தலையில் கைவைத்தீர்கள். நான் கீழே ஓடையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஏறி வந்தேன். வாளியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தேன்.

"அப்பாடி! இஞ்சை மூச்சுவிடக் காத்தே இல்லை."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் காரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மலை உச்சியில் காற்று மெல்லிசு. நாங்கள் கொட்டாஞ்சேனையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்று அந்தக் கொழுத்த காற்றுக்கல்லவா சுருதி சேர்த்திருந்தோம்! மேடு என்பதையே காணாத இரண்டு கொழும்பு மூளைகள். காற்றுக் குறைந்தால் பெற்றோலையும் குறைக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்தா அந்த வாடகைக் கார் வரவேண்டும்? கண்டியிலிருந்து மேளக்காரரை ஏற்றிக்கொண்டு அப்பா வந்துகொண்டிருந்தார். கார் நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கிறார். உங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

"ஏறு பிள்ளை. நடுறோட்டிலை நிண்டு மானத்தை வாங்காதை. அந்தாள் தள்ளிக்கொண்டு வரட்டும்."

நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "போ. உன்ரை தங்கச்சியின்ரை கலியாணம். நான் பின்னாலை வாறன்." மெல்லச் சொன்னீர்கள். அப்பாவைவிட உங்கள்மீதுதான் அந்த நேரம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தது என்னைத் தனியே அனுப்பவா?

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு பிளக்கைத் துடைச்சுப் பூட்டுங்கோ" என்றேன்.

இரண்டு நட்டையும் இரண்டிரண்டு முகம் திருகினேன். எஞ்சினை முடுக்கச் சொன்னேன். பட்டுச் சேலையோடு குனிந்து, குழாயைக் காதில் வைத்தேன். அப்பா காரை விட்டு இறங்கி வந்தார்.

"உனக்கு வயலின் படிப்பிச்சது இதுக்கோ?"

"ஓம் அப்பா. இதுக்குத்தான்."

நிமிரக்கூட இல்லை நான். ஆணியை இன்னும் ஒரு நூலளவு திருகினேன். புகை வெளுத்தது. இருமல் நின்றது. வாடகைக் காரின் பின் இருக்கையிலிருந்து நாதஸ்வரக்காரர் தலையை நீட்டி, "ஐயா, சேந்திட்டுது! ரெண்டும் ஒண்டாய்ச் சேந்திட்டுது!" என்றார். அந்த மனிதர் நல்லாயிருக்கவேண்டும். அப்பா திரும்பிப் போய் ஏறினார். "காரை எடும்" என்று டிரைவர்மீது பாய்ந்தார்.

நாலு வளைவு தாண்டி அவர்களை முந்தினோம். நீங்கள் மரியாதைக்கு ஹோர்ன் அடிக்காமல் முந்தினீர்கள். நான்தான் எட்டி அடித்தேன்.

அவர் வாசலில் நாங்கள்தான் முதலில் நின்றோம். அதற்காக அவர் மனம் இளகிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். மறுநாள் கலியாணப் பந்தலில் யாரோ கேட்டபோது, "மூத்தவள் ரயிலிலை வந்தவள்" என்று சொன்னார். அவ்வளவு வீம்பு. நீங்கள் எழுந்து போய்க் காரை முடுக்கிப் பந்தல் வாசலில் ஓடவிட்டுக்கொண்டே நின்றீர்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "யார் இந்த எஞ்சினைச் செய்தது?" என்று மாப்பிள்ளையின் தமையன் கேட்டார். "பூட்டினது நான். பாட வைச்சது அவ" என்று என்னைக் காட்டினீர்கள். அப்பாவுக்குக் கேட்கும்படிதான் சொன்னீர்கள். அந்த ஒரு வசனத்துக்காக உங்களை இன்னும் நாலு முறை கட்டியிருப்பேன்.

அப்பா சாகும்வரை அந்தக் காரில் ஏறவில்லை. ஏறுங்கோ என்று நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் செத்தவீட்டுக்குத் தங்கச்சி வந்தாள். அவள் மாளிகை மாதிரி வீட்டில் வாழ்கிறவள். எங்கள் இரண்டு அறையையும், கறையான் தின்ற கதவையும், சுவரில் இன்னமும் தொங்கும் உங்கள் எண்ணெய்ச் சட்டையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இதுக்கோ அக்கா, அப்பாவைப் பகைச்சுக்கொண்டு வந்தனீ?"

நானும் அழுதேன். இந்த முறை பொய்யில்லை. சுவரில் தொங்கிய உங்கள் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஓமடி. இதுக்குத்தான்."