திரையிலிருந்து நீண்ட கை

கோலாலம்பூர்

நானாய், என் அம்மா,

ஆசி வாங்கும் நம் ஊர் வழக்கப்படி, இங்கிருந்தே உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். முட்டிவலி தேவலையா? பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அதே வேலைதான். சாதாரணப் படத்தை 3டி ஆக்க, எது கிட்டே, எது தூரம் என்று கணினி குத்துமதிப்பாகச் சொல்லும். அது தப்பும் இடமெல்லாம் நாங்கள் திருத்த வேண்டும். கிட்டே இருப்பதற்கு வெள்ளை, தூரத்துக்குக் கறுப்பு என்று திரையில் சாயம் பூசுவோம். இதையே பார்த்துப் பார்த்து, சாயங்காலம் பஸ் படி எங்கே இருக்கிறது என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

தம்பி பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கடைசியில், நான் நெற்றியில் ஒற்றிக்கொள்ளட்டும் என்று கையை நீட்டுகிறீர்களே, அந்தக் கையைக் கணினி சுவரோடு சுவராக ஒட்டிவைத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. விரல் விரலாக வெள்ளையாக்கிவிட்டு 3டி கண்ணாடியை மாட்டினேன். கை முகத்துக்கு நேரே வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து, திரையில் ‘டங்’கென்று முட்டிக்கொண்டேன்.

பக்கத்து இருக்கை ஸுரைடா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏய் ரோவெனா, கண்ணுதான் போச்சுன்னு பாத்தா மூளையும் போச்சா? யாரு கைடீ அது?”

“எங்கம்மா.”

அவள் எழுந்து போய் ஐஸ் கொண்டுவந்தாள். சின்ன வீக்கம்தான், கவலைப்படாதீர்கள்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அடுத்த வீடியோவில் மட்டும் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருங்கள்.

ரோவெனா