கடலோரத்து ஆள்

இன்று காலை சாலைக் கடைத்தெருவில் ஒரு லாரியிலிருந்து உரிக்காத தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியில் நின்றவன் கீழே இருந்தவனுக்கு எறிய, அவன் கடை வாசலில் நின்றவனுக்கு எறிந்தான். எல்லோர் கண்ணும் தேங்காயின் பின்னால் போனது. என் கண் மட்டும், இன்னும் எதுவும் வந்து சேராமல் வெறுங்கையோடு நின்ற கடைசி ஆளின்மேல் இருந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ பழக்கிய பார்வை போகவில்லை.

யுத்தம் முடிந்து அசாமிலிருந்து வந்தபோது, இருமுனையும் கூர்ந்த ஒரு தோல்பந்தை நீ கொண்டுவந்தாய். அங்கே அமெரிக்கப் பட்டாளக்காரர்களிடம் கற்ற ஆட்டம். சனிக்கிழமை மாலைகளில் நம் அலுவலகக் குமாஸ்தாக்களைச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். மணல்தானே, விழுந்தாலும் அடிபடாது. கட்சிக்கு ஏழு பேர்; பந்தோடு எதிர்ப்பக்க எல்லையைத் தாண்டினால் ஒரு புள்ளி.

எதிர்க்கட்சியின் ஓர் ஓட்டத்தை நம்மால் தடுக்கவே முடியவில்லை. பந்து வைத்திருப்பவன் நடுவில் பாய்கிறவனிடம் அதைக் கொடுக்கலாம். கொடுப்பதுபோல் காட்டிவிட்டுத் தானே ஓடலாம். கடைசி நொடியில் ஓரமாக ஓடி வருகிறவனுக்கு எறியலாம். எது என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியாது. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வான். அதனால் நீ நமக்கு ஆளுக்கு ஓராளைப் பங்குவைத்தாய். எனக்குக் கடலோரமாக ஓடுகிறவன்.

"பந்தப் பாக்காதடே, பந்து பொய் சொல்லும். அவன் கையில ஒண்ணும் இல்லேன்னாலும் அவன்தான் ஒன் ஆளு. விட்டுராத."

அந்த 'விட்டுராத' மட்டும் விளையாட்டுக் குரலில் வராது.

இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அது. வெயிலும் இல்லை, இருட்டவும் இல்லை; சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம். பந்து அவர்களிடம் இருந்தது. என் ஆள் அலையோரமாக ஓடினான். நான் அவனை விடாமல் எல்லைவரை கூடவே ஓடினேன். திரும்பிப் பார்த்தால், நான் விட்டுவந்த இடைவெளி வழியாக அவர்கள் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். நம் ஆட்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அன்று எதிர்க்கட்சியில் ஓராள் குறைவு; கடலோரமாக ஓடுகிற சுகுமாரன் கல்லாற்றுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அலையோரம் யாரும் ஓடவேயில்லை என்றார்கள். ஈர மணலில் என் காலடி மட்டும்தான் கிடந்தது.

நீ திட்டவில்லை. பக்கத்தில் வந்து, யாரைப் பார்த்தாய் என்று மெல்லக் கேட்டாய். முகம் சரியாகத் தெரியவில்லை, காக்கி நிக்கர், இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தவன், உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டே ஓடினான் என்றேன். உன் உதடு வெளுத்துப்போனது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னாய். அவன் தோவாளைக்காரன். பட்டாளத்தில் உன் சேக்காளி. முகாமில் ஆடும்போது ஓரமாக ஓடி வந்து நீ எறியும் பந்தைப் பிடிப்பவன். வெள்ளம் புரண்ட ஓர் ஆற்றை லாரிகள் கடந்தபோது நீர் அவனை இழுத்தது. கை நீட்டினான். கயிறு உன்னிடம் இருந்தது. பின்னால் வந்த லாரியிலும் ஒரு கயிறு இருந்தது. அவர்கள் எறிவார்கள் என்று நீ நினைத்தாய். நீ எறிவாய் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"அவன் என் ஆளு இல்லேன்னு நெனச்சிட்டேன், மக்கா."

அடுத்த சனிக்கிழமை கடலோரத்தில் நீயே நின்றாய். என்னை நடுவில் நிறுத்தினாய். இரண்டாவது ஓட்டத்திலேயே ஆட்டத்தை விட்டுவிட்டு மேற்கே திரும்பினாய். கையை நீட்டியபடி நீருக்குள் நடந்தாய். மற்றவர்கள் பந்தின் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். என் ஆளை அப்படியே விட்டுவிட்டு நான் உன்னிடம் ஓடிவந்தேன். உன் சட்டையைப் பிடித்தபோது நீர் கழுத்தளவு.

"விடுடே, அந்தா நிக்கான்," என்று என்னை உதறினாய். எப்படியோ கரைக்கு வந்து விழுந்தோம்.

அதற்குப் பிறகு நீ ஆடவில்லை. கல்யாணம் செய்துகொண்டாய், வேலை பார்த்தாய். மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோதுதான் முதல் முறையாக அந்தப் பேச்சை எடுத்தாய். இந்த ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு அன்று என்னை எப்படி இழுத்தாய் என்று கேட்டாய். அலை தள்ளிவிட்டது என்றேன்.

பொய் சொன்னேன். அலை அப்போது பின்வாங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் ஊன்றவில்லை; இருவரும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தோம். அப்போது பின்னாலிருந்து ஒரு கை உன்னை என்மேல் தள்ளியது. உன் தோளுக்கு மேல் அந்த விரல்களை நான் பார்த்தேன். சொன்னால் மறுபடியும் அங்கே போய்விடுவாயோ என்று பயந்தேன். அவனைக் கைவிட்டோம் என்ற நினைப்போடே நீ கண்ணை மூடினாய். அவன் உன்னைக் கைவிடவில்லை என்பதைச் சொல்லாமலே நான் வைத்திருக்கிறேன்.